மேல் ஊற்றுத் தண்ணீர்

கறுப்புச் செல்கள் வழி மாறிப் போயிருந்தன. பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் மறுபடி குனிந்தாள். குளிர்நீரில் வளரும் ட்ரவுட் மீனின் முட்டைக்குள், குஞ்சின் முதுகில் தோன்றும் கறுப்புப் புள்ளிகள் மெல்ல ஊர்ந்து விலாப்பக்கம் இறங்கும். அந்தப் பயணத்தைத்தான் டாக்டர் ஐயா ஆராய்கிறார், அதைப் பார்த்து வரையத்தான் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இவளைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார். இன்று எல்லாப் புள்ளிகளும் அவள் உட்கார்ந்த பக்கமாக ஒதுங்கி நின்றன. நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவையும் அந்தப் பக்கம் வந்துவிட்டன.

டாக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். டயகம மலையை மூடுபனி மூடி, பட்டப்பகலிலேயே மீன் கொட்டகை இருண்டு கிடந்தது. ஈரப்பலகையின் நெடி, குழாயிலிருந்து முட்டைத் தட்டில் விழும் தண்ணீரின் சலசலப்பு, அதற்கு நடுவே எங்கிருந்தோ மஞ்சளும் பூண்டுமாகப் பிள்ளை பெற்ற அறையின் வாடை. ஆவணியில் பிறந்து, அழாமலே போன மகனின் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. புதைத்த இடத்தைச் சொன்னால் அங்கேயே போய்க் கிடப்பாள் என்று தோட்டத்து லயத்து வீடுகள் எல்லாமே வாயை மூடிக்கொண்டன. அந்த இடம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குழாய் வேலை பார்க்கும் புருஷன் அழகுமுத்து எட்டிப் பார்த்தான்.

"ஏங்க, இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

"மேல் ஊத்துலருந்து. பழைய தண்ணி கலங்குதுன்னு ஐயாதான் போன வாரம் மாத்தச் சொன்னாரு."

"அங்க என்னங்க இருக்கு?"

அவன் குழாயின் மூட்டைத் திருகிப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"நம்ம பயல அங்கதான் வச்சேன், பூரணி. ஊத்துக்கு மேல. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், ஐயா கேக்கல. இரு, அடைச்சுட்டு வந்துர்றேன்."

அவன் பனிக்குள் ஓடினான்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்துத் தண்ணீர் நின்றது. சலசலப்பு அடங்கியது.

முட்டைகள் அடங்கவில்லை.

மெல்ல உருண்டன. அவள் பக்கமாக.

மார்பு கனத்தது. எப்போதோ வற்றிய பால். ரவிக்கை நனைந்தது. ஒரு சொட்டு. தட்டில்.

வெள்ளை கலங்கிய இடத்தில் முட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. முட்டின. தோல்கள் கிழிந்தன. உள்ளே வாய்கள். பல்லில்லாத சின்னச் சின்ன வாய்கள், திறந்து, மூடி, திறந்து.

பயந்துகொண்டே ரவிக்கையை அவிழ்த்துக்கொண்டு, பூரணி தட்டின்மேல் குனிந்தாள்.