வாசலுக்கு வாசல் சிப்பி

காலையில் எல்லோரையும் வீட்டுக்குள் போகச் சொல்லும் வெப்பச்சங்கு ஊதுவதற்குள் தெருவில் எல்லோரும் சிப்பி ஓடு கழுவி முடித்துவிடுவார்கள். வயல்கள் வறண்ட பிறகு தூத்துக்குடிக்குக் கடல்பண்ணைச் சிப்பிதான் சாப்பாடு. ஓடுகளை எறிய முடியாது. இப்போதைய வெயிலுக்கு வெறும் தார் குழைந்து ஓடிவிடும். ஓட்டுத்தூள் கலந்த சிப்பித்தார்தான் தாங்கும். மாதம் ஒருமுறை அரவைவண்டி வரும். அந்தந்த வீட்டு மூட்டையை அரைத்து, தாரில் கலந்து, அந்தந்த வீட்டு வாசலுக்கே சாலை போட்டுவிட்டுப் போகும். கதவுக்கு மேலுள்ள தாங்குவிளக்கு பச்சையாக எரிந்தால் சாலை உறுதி. சிவந்தால் அந்த வீட்டில் ஓட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் உப்பும் சதையும் தாரைப் பிடிக்க விடாது.

ஜெசிந்தாவின் விளக்கு பச்சை. பக்கத்து வீட்டு லெயோனின் விளக்கு சிவப்பு.

நேற்று நண்பகலில் லெயோனின் மனைவி பிலோமியை ஏற்றிய மருத்துவ வண்டி அவர்கள் வாசலிலேயே சக்கரம் புதைந்து நின்றது. தெருவே சேர்ந்து தள்ளியது. ஜெசிந்தாவும் தள்ளினாள். கண்ணாடிக்கு உள்ளே பிலோமி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

"ஓடு தேய்க்கச் சோம்பல்பட்டா இப்படித்தான்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. லெயோன் நிமிரவே இல்லை.

இன்று காலை அவர் ஒரு வாளி ஓட்டோடு ஜெசிந்தாவின் வாசலில் வந்து நின்றார்.

"மதினி எப்படி இருக்காவ, அண்ணாச்சி?"

"குழாய் வச்சிருக்காங்க. பொழச்சுக்கிடுவான்னுதான் சொல்றாங்க. அவ வர்றதுக்குள்ள வாசலைச் சரி பண்ணணும். தெருவுலயே உன் வாசல்தான் கல்லு மாதிரி இருக்கு. எப்படித் தேய்க்கேன்னு கொஞ்சம் காட்டு, தாயி. நான் தேய்ச்சது பத்தல போல."

அரவைவண்டி வந்த அன்று ஜெசிந்தாவின் மூட்டை நாறிக் கிடந்தது. மாதம் முழுக்க நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தாள். லெயோனின் மூட்டை பக்கத்திலேயே வெள்ளைவெளேரென்று இருந்தது. இரண்டின் பெயர்ச்சீட்டையும் மாற்றிக் கட்ட ஒரு நொடிதான். ஒரு மாதம் சிவப்பு எரிந்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். அடிக்கடி மூச்சுத் திணறும் பிலோமியின் ஞாபகம் வரவே இல்லை.

"காட்டுறேன்," என்று உட்கார்ந்தாள். பிரஷை எடுத்து ஒரு ஓட்டின் முதுகைத் தேய்த்தாள்.

"வெளிப்பக்கமாவா?" லெயோன் குனிந்து ஓட்டை அவள் கையிலேயே திருப்பினார். "உள்ள சதை ஒட்டியிருந்த இந்தத் தழும்பைல்லா மொதல்ல சுரண்டணும்..."

சுட்டிய விரல் அப்படியே நின்றது. அவர் அவள் வாசலைப் பார்த்தார். மேலே பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுச் சிவப்பை.

"அண்ணாச்சி, நான்..."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். வெப்பச்சங்கு ஊதியது.

"வெயில் ஏறுது. உள்ள போ," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

ஜெசிந்தா போகவில்லை. சாலையில் இறங்கி நின்றாள். அப்படியே புதைந்துபோனால் நன்றாக இருக்கும் போலிருந்தது. கால் புதையவில்லை. லெயோன் ஒரு மாதம் உட்கார்ந்து சுரண்டிய ஓடு அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.