புட்டு ஆவி சாய்ந்த பக்கம்

புட்டு ஆவி மேலே போகவில்லை. நீக்கிலாப்பிள்ளை புட்டவித்த ஓலை நீத்துப்பெட்டியைத் தூக்கியதும் பானையிலிருந்து கிளம்பிய வெண்மை, கூரை பிடிக்காததுபோல் வளைந்து, அடுப்படியைத் தாண்டி, ஹோல் மூலையில் நின்ற மரத்தின் இலைகளுக்குள் நிதானமாகப் புகுந்துகொண்டது. யன்னல் கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரமில்லை. வெளியே கோட்-டெ-நெய்ஜ் நகர்ப்பகுதி பின்னேரம் நாலரைக்கே இருட்டி, மைனஸ் இருபத்தைந்தில் விறைத்துக் கிடந்தது.

மரம் கீழ்வீட்டு டுவார்த்தேயுடையது. அசோரஸ் தீவுக்காரன். குளிர் முடியும்வரை மகளிடம் போகிறேன் என்று தொட்டியோடு கொண்டுவந்து வைத்தான். தீவின் லோரல் காட்டில் மட்டும் வளர்வது, பெயர் பாவ்-பிராங்கு, எந்நாளும் பச்சை, வெட்டி வெட்டி இப்போது கொஞ்சம்தான் மிச்சம் என்றான். தண்ணீர் ஊற்றாதே, மூடுபனியைக் குடிக்கும் என்றும் சொன்னான். வீட்டுக்குள் மூடுபனிக்கு எங்கே போவது என்று நீக்கிலாப்பிள்ளை கேட்டிருக்கலாம். மரியாதைக்காகக் கேட்கவில்லை.

மரத்தை ஒட்டிய சோபாவில் அவர் மனைவி றோசா கண்ணயர்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஒரு கிழமையாக அவளுடைய இருமல் காய்ந்த ஓலை உரசுவதுபோல் கேட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் வாயருகே பிடித்தார். மூச்சு வந்தது. கண்ணாடி மங்கவில்லை. அவள் தலைக்கு மேல் நீண்டிருந்த இலைகள் மட்டும் நனைந்து மினுங்கின.

"இஞ்சாரும், இதை வெளியில விடப்போறன்."

றோசா கண் திறந்தாள். "விசரே உங்களுக்கு? செத்துப்போகும். உலகத்திலயே கொஞ்சம்தானாம்."

"நாங்களும் கொஞ்சம்தான். எங்களை ஆரும் தொட்டியில வச்சுப் பாக்கேல்லையே."

பல்கனிக்கு இழுத்துத் தள்ளிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்தியதும் யன்னல்கள் மங்கின. அவருக்குத் திருப்தி.

பிறகு றோசா பெருமூச்சு விட்டாள். அது வெள்ளையாக வந்தது. வீட்டுச் சூட்டில், வெள்ளையாக. கீழே இறங்கியது. கம்பளத்தில் ஊர்ந்தது. கதவிடுக்குக்குப் போனது.

துவாயை வைத்து அடைத்தார். துவாய்க்குள்ளாலும் போனது.

நிலத்தில் குந்தினார். இடுக்கை உடம்பால் மறைத்தார். முகத்தைக் கதவுக் கண்ணாடியோடு ஒட்டினார்.

"அவவை விடு. என்னைக் குடி. பனங்கள்ளும் சுருட்டும் ஊறின நெஞ்சு. செமிக்குதோ பாப்பம்."

வாயைத் திறந்தார்.

"ஏனப்பா நிலத்தில இருக்கிறியள்?" பின்னால் றோசா இருமினாள். ஈர இருமல். சளி கட்டிய, நல்ல இருமல்.

சிரிக்கப் பார்த்தார். வாய் மூடவில்லை. அதிலிருந்து வெள்ளையாக இறங்கி இடுக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெளியே, இலைகள் கருகவில்லை. நீர் உறையவில்லை. சொட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சரியாக அவர் வாய் உயரத்தில், ஒரு புதுத் துளிர் ஒட்டிக்கொண்டு விரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. தொண்டை உயரத்தில்.