மூன்றாவது சர்வர்

“யாரைக் கேட்டு இதுல கை வைக்கிறீங்க?”

சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான், ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்காரன். மழையில் நனைந்த முடி, கோபத்தில் பொறி பறக்கும் கண்கள்... அடடா, அந்தக் கண்கள்! ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர்களை அப்கிரேட் செய்ய வந்திருந்த அவளுக்கு ஒரு நொடி வேலையே மறந்துபோனது.

“என் லேப் நின்னா ஆபரேஷன் நிக்கும். தெரியுமா?”

“நிக்காது. மூணு சர்வர் இருக்கு. ஒண்ணுக்குள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின், அதான் சாப்ட்வேராவே இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர், எல்லாத்தையும் ஓட ஓடவே மத்த ரெண்டுக்கும் மாத்திட்டு, காலியானதைத்தான் அப்கிரேட் பண்ணுவேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. போய் உங்க வேலையைப் பாருங்க சார்!”

அன்றைக்கே முதலாவது சர்வர் முடிந்தது. லேப் நிற்கவே இல்லை. மறுநாள் இரண்டாவது. அவன் மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தான், கையில் இரண்டு டீயோடு.

“இன்னும் சந்தேகமா?”

“இல்ல... லேப் ஓடுதான்னு பாக்க வந்தேன்.”

மூன்றாம் நாள், கடைசி சர்வரிலிருந்து மற்ற மெஷின்கள் எல்லாம் நகர்ந்தன. லேப்பின் விர்ச்சுவல் மெஷின் மட்டும் அசைய மாட்டேன் என்றது. குனிந்து பார்த்தாள். சர்வரின் பின்னால் சின்னதாக ஒரு பென்டிரைவ்.

“இதை யாரு செருகினது?”

அவன் முகம் சிவந்தது. “நான்தான்... லேப் சாப்ட்வேரோட லைசென்ஸ். அது இல்லாம ஓடாது.”

“நல்லா செஞ்சீங்க! லேப்பைப் பத்து நிமிஷம் நிறுத்தினாத்தான் இதைப் பிடுங்கி மாத்த முடியும்.”

உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணனின் போன். அவள் வேலை பார்க்கும் கம்பெனியே அண்ணனுடையதுதான். கையில் கேபிள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மதியத்துக்குள்ள முடி. பத்து நிமிஷம் ஆஃப் பண்ணா யாருக்குத் தெரியப்போகுது?”

“உள்ள ஒரு உயிர் இருக்குண்ணா. ஆபரேஷன் முடியிற வரைக்கும் தொட மாட்டேன்.”

“அப்ப நாளையிலேருந்து ஆபீஸ் பக்கம் வராத! அந்த லேப்ல இருக்கிற எவனோ ஒருத்தனுக்காக என்னையே எதிர்த்துப் பேசுறியா?”

“பேஷன்டுக்காகப் பேசுறேன். அந்த எவனோ ஒருத்தனையும் எனக்குப் பிடிச்சிருக்கு... அது வேற விஷயம்!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். டீ கிளாசோடு அவன் சிலையாக நின்றிருந்தான். ஐயோ...

நாலு மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லேப்பை நிறுத்தினான், பென்டிரைவைப் பிடுங்கி அவள் காட்டிய சர்வரில் செருகினான். ஏழே நிமிடத்தில் லேப் மறுபடி ஓடியது. மூன்றாவது சர்வரும் காலியாகி, அப்கிரேட் ஆகி முடிந்தது.

“லேப் ஓடுதான்னு பாக்க நான் வரல...” என்றான் தரையைப் பார்த்தபடி. “உங்களைப் பாக்கத்தான் வந்தேன்.”

“லேப் ஓடுறது உங்க மேசையிலேயே தெரியும். இதுகூடவா எனக்குத் தெரியாது?”

மறுபடி அண்ணனின் போன். அவள் எடுக்கவில்லை. அவனிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. எவனோ ஒருத்தன் நீங்கதானே? பேசுங்க!”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“வணக்கம்... மச்சான்!”