தணிகைவேலின் பைப் வண்டி

காலை 7.10. நகரி ஆற்றுப் பாலத்தின் சரிவில் தணிகைவேல் செத்துக் கிடந்தான். அவன்மேல் ஏறிய டிப்பர் லாரி சற்றுத் தள்ளி நின்றது. அவன் தன் கையாலேயே வெள்ளை பிளாஸ்டிக் பைப்புகளால் செய்த மூன்று சக்கர மிதிவண்டி உடைந்து, துண்டுகள் ரோடெல்லாம் சிதறியிருந்தன. பின்னால் மாட்டிய இழுவண்டி மட்டும் முழுசாக இருந்தது. அதில் ஒரு மணல் மூட்டை. நடக்க முடியாத மகள் ஹரிதாவின் எடைக்கு ஈடாக வைத்துப் பார்த்த மூட்டை அது.

தறி வேலை போன பிறகு அவனுக்கு ஒரே பிடிவாதம். மகளைத் தானே வண்டியில் வைத்து மிதித்துக்கொண்டுபோய் புத்தூர் காலேஜில் இன்டர், அதாவது பிளஸ் ஒன், சேர்க்க வேண்டும். ஊர் அவனைப் பைத்தியம் என்றது. ஸ்டேஷனும் கொஞ்சம் மரியாதையாக அதையே, அவனே தப்பான பைப் போட்டு ஒடிந்தது என்று எழுதி, கேஸை முடிக்கப் பார்த்தது.

விடாதவள் ஹரிதாதான்.

"நைனா தப்பான பைப்பு போடமாட்டாரு மேடம். யாரோ மாத்திக்கீறாங்க. கண்டுபுடிங்க."

எஸ்.ஐ. மோகனப்ரியா துண்டுகளை ஸ்டேஷன் வாசலில் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் தடித்த தண்ணீர் பைப். ஹேண்டில் பாரைத் தாங்கிய துண்டு மட்டும் சுவரில் ஒயர் இழுக்கும் மெல்லிய பைப். கனம்தான் குறைவு; வெளியே ஒரே பருமன், ஒரே வெள்ளை. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் மாற்றிவிடலாம். ஒடிந்தது அதுதான். திருப்பினாள். அடிப்பக்கம் சின்னதாக மஞ்சள், குங்குமம். மற்ற பைப்புகளில் ஒரு பொட்டும் இல்லை.

முதலில் ஆட்டோக்காரன் லோகேஸ்வரனை அழைத்தாள்.

"பைப் வண்டிய ரோட்டுல பாத்தா ஒடைப்பேன்னு சொன்னியா?"

"சொன்னேன் மேடம். ஸ்டாண்டுல எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க, நானும் வாய வுட்டுட்டேன். கை வெக்கல."

"வண்டி எங்க நிக்கும்?"

"அவங்க வூட்டுக்குள்ள, தறி இருந்த எடத்துல. பூட்டிக்கினுதான் படுப்பாங்க."

மறுநாள் மாலை 4.30. தணிகைவேலின் வீடு. சுவரில் அவன் அம்மாவின் படம், அதற்கு மாலை. மனைவி கமலம்மா சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமியார் எப்ப தவறினாங்க?"

"ஆடியில மேடம்."

"அப்ப போன வாரம் ஆயுத பூஜை?"

"வருசம் திரும்பல. இந்த வூட்ல ஒரு பண்டிகையும் கெடையாது."

"வண்டிக்கும் பொட்டு வெக்கல."

மோகனப்ரியா ஒடிந்த பைப்பைக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்தாள்.

"கெடுக்க வந்தவன் பொட்டு வெச்சிட்டுப் போவமாட்டான். வண்டி ஒடியணும், ஆனா ஓட்றவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நெனச்சவங்கதான் வெப்பாங்க. துக்க வூடு, அவரு கண்ணுல படக்கூடாதுன்னு அடிப்பக்கம் வெச்சிங்க. அவரு கூட நின்னு தெனம் பைப்பு புடிச்ச கைக்குத்தான் எந்த போல்ட்டுன்னு தெரியும். நீங்கதான் கமலம்மா."

கமலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தெருவுலயே ஒடிஞ்சிடும்னு நெனச்சேன் மேடம். தெனம் தெருவுலதான ஓட்டிப் பாப்பாரு! லாரி போற ரோட்டுல எம்பொண்ண இஸ்துக்கினு போவாரேன்னு பயம். ஒருவாட்டி ஒடிஞ்சா வுட்டுடுவாருன்னு பாத்தேன். அன்னிக்கின்னு பாத்து சொல்லாம பாலத்துக்குப் போயிட்டாரு."

உள்ளறையிலிருந்து ஹரிதா கைகளை ஊன்றி இழுத்துக்கொண்டு வாசற்படிவரை வந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"கேஸு வேணாம் மேடம். நைனாதான் தப்பான பைப்பு போட்டாருன்னு எழுதிக்கோங்க."

அப்பன் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கச் சொன்ன பெண். நிரூபித்தாயிற்று. அவளுக்கென்று இருந்த இன்னொரு ஆளும் போயாயிற்று.

கமலம்மா எழுந்து, முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"நானும் வந்துட்டா, இவள கக்கூசுக்கு யாரு மேடம் தூக்கினு போவாங்க?"

மோகனப்ரியா பைப்பைப் பையில் போட்டு முடிந்துகொண்டு, வெளியே போய், கமலம்மா ஏற ஜீப் கதவைத் திறந்து பிடித்தாள்.