அழாத கண்

விடிந்ததும் குப்பம்மாள் ஆரம்பித்துவிட்டாள். சாமை தூற்றுகிற நாளில் அழுத கண்ணோடு களத்துப் பக்கம் வரக்கூடாதாம். தானியம் வீட்டில் தங்காதாம். மூத்த மருமகள் முனியம்மா வாசலைப் பெருக்கினாள். அவளுடைய இடது கண்ணிலிருந்து வழக்கம்போல் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நான்கு வருடமாக இதே பேச்சுதான். கொழுந்தன் வெற்றிவேலின் கல்யாணத்தில் அந்தக் கண் ஒழுகியது. பிள்ளையில்லாதவள் வயிற்றெரிச்சலில் அழுகிறாள் என்றார்கள். கொழுந்தன் மனைவி கவியாவுக்குக் குழந்தை பிறந்தபோதும் ஒழுகியது. அதற்குப் பிறகு குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை. புருஷன் ராஜாக்கண்ணு அம்மா பக்கம்.

அவர்கள் மலையூருக்கு வந்த கண் முகாமில், கண்ணீர் போகிற வழி அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்று முன்பே சொன்னார்கள். முனியம்மா வீட்டில் வந்து சொன்னாள். அழுவதற்கு இது ஒரு சாக்கு என்றாள் குப்பம்மாள். அப்போது கவியாவுக்கு நிறைமாதம். சமையலுக்கும் கொல்லைக்காட்டு வேலைக்கும் வேறு ஆளில்லை. முனியம்மா போகவில்லை. போகச் சொல்லவும் யாருமில்லை.

இன்று களத்தில் கை குறைந்ததும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். முறத்தைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, உமி இடது கண்ணில் விழுந்தது. கண்ணில் தூசி விழுந்தால் அந்த ஊரில் எல்லோரும் குப்பம்மாளிடம்தான் வருவார்கள். இமையை விரித்து நாக்கு நுனியால் எடுத்துவிடுவாள். ஆகாதவர்களுக்கும் மறுக்கமாட்டாள். மருமகளுக்கும் எடுத்துத் துப்பினாள்.

"எடுத்துட்டேன். இனிமேயாச்சும் அழுவாம வேலய பாரு."

மறுநாள் கண் திறக்கவில்லை. பிறகு கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து, பெரிதானது. வலியில் அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டபோதுதான் ராஜாக்கண்ணு பயந்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து ஒடுகத்தூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் இளம்பெண். மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் அழுத்தினாள். மஞ்சளாகச் சீழ் வந்தது. குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இது அழுவறதால வர்றதா, டாக்டரம்மா?"

"அழுகையே இல்லம்மா. கண்ணுல ஊர்ற தண்ணி மூக்குக்குள்ள எறங்கணும். வழி அடச்சிருக்கு. தண்ணி தேங்கி, கிருமி சேந்து சீழ் வெச்சிருக்கு. கருவிழி கீறினதும் கிருமி உள்ள போய்டுச்சி."

வாயிலும் கிருமி உண்டு, யாராவது நாக்கால் தூசி எடுத்தார்களா என்று கேட்டாள். குப்பம்மாள் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நானே கசக்கிட்டேன்," என்றாள் முனியம்மா.

புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், பார்வை திரும்புவது கஷ்டம் என்றாள் டாக்டர். வேறு கருவிழி வைப்பதைப் பற்றி, அடைப்பைச் சரிசெய்த பிறகுதான் பேசவே முடியும்.

வார்டில் குப்பம்மாள் குனிந்து கேட்டாள். "இன்னாத்துக்குடி பொய் சொன்ன?"

"நாலு வருசமா நெசத்தத்தான் சொன்னேன், அத்தே. யாரு கேட்டீங்க? உங்க வூட்ல நான் ஒரு நாளும் அழுவல..."

குப்பம்மாள் எழுந்துபோய், நாக்கு வைத்தது தான்தான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே முந்தானையால் மருமகளின் கண்ணைத் துடைக்கப் போனாள். முனியம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத வெச்சி தொடைக்கக் கூடாது. சோப்பு போட்டு கைய கழுவினு வாங்க. சொட்டு மருந்து வுடணும்."

குப்பம்மாள் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, ஈரக் கையை எதிலும் துடைக்காமல் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது உள்ளே போனது.

"அந்தக் கண்ணுல என் மூஞ்சி தெரியுதா?"

"வெளிச்சம் மட்டும்தான்."

மணிக்கொரு தரம் மருந்து விடவேண்டும். அடுத்த முறை தான் விடுவதாக ராஜாக்கண்ணு வந்து நின்றான்.

"அம்மா பேச்ச கேட்டவன்தான நீ," என்றாள் குப்பம்மாள். "இப்பவும் கேளு. வெளிய போ."