நான்காவது துடிப்பு

பேருந்தில் பக்கத்தில் உட்காருபவரின் நெஞ்சொலியைக் கேட்டே அது எந்த நிறுவனத்தின் பொறியிதயம் என்று சொல்லிவிடலாம். மயங்கி விழுந்தவருக்குச் சரியான கருவியை எடுத்துக்கொண்டு ஓடவேண்டுமே, அதற்காக வந்த ஏற்பாடு. ஒவ்வொரு நிறுவனமும் தன் துடிப்பை வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. ஒரு நிறுவனத்தின் துடிப்பை இன்னொரு நிறுவனத்தின் கருவி ஒலிக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. மருத்துவமனைக் கருவிகள் எல்லாம் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

அந்தப் பதிவேட்டின் ஆய்வாளர் தையல்நாயகி. பதினெட்டு ஆண்டுகளாகத் துடிப்புகளைக் கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப்போயிருந்தது. ஆனால் அன்று ஒரு நிறுவனம் புதுப் பொறியிதயத்துக்காக அனுப்பிய விண்ணப்பத்தைச் செவிப்பொறியில் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மூன்று துடிப்பு சீராக வந்தது. நான்காவது கொஞ்சம் தயங்கி வந்தது.

மாசிலாமணியின் இதயம் அது. இறந்துபோன அவள் கணவர். அந்தத் தயக்கத்தின்மேல் தலைவைத்து இருபது வருடம் தூங்கியவள் அவள். பொறியிதயம் வைக்கும் முன் பதிந்த ஒலி, அவர் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தால் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகியிருந்தது. அதன்பின் ஆறு வருடம் அவர் இருந்தார். நெஞ்சில் கேட்டதென்னவோ நிறுவனத்தின் துடிப்பு. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டே அவருக்காக ஏங்கியிருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொந்தச் சம்பந்தம் உள்ள கோப்பை வேறு ஆய்வாளரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அவள் தள்ளவில்லை. பதிவேட்டில் ஒத்த ஒலி உண்டா என்று தேடினாள்; இல்லை. அங்கே இருப்பதெல்லாம் இயந்திரங்கள்தானே, மனித நெஞ்சுக்கு ஏது இடம்?

“ஆட்சேபணை ஏதாச்சும் இருக்கா மேடம்?” என்று கேட்டார் நிறுவனத்தின் வழக்கறிஞர் இன்பசேகர்.

“எனக்கு ஒண்ணுமில்ல சார். வணிகக் குறி இதழ்ல போட்டுடலாம். நாலு மாசத்துல யாரும் எதிர்க்கலேன்னா பதிவுதான்.”

அந்த நான்கு மாதமும் சரிபார்க்கும் சாக்கில் தினமும் கோப்பைத் திறந்து கேட்டாள். இனி ஊரில் ஆயிரம் பேர் நெஞ்சில் அவர் இருப்பார், என்றாவது பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று ஆசைப்பட்டாள். யாரும் எதிர்க்கவில்லை. சான்றிதழில் கையெழுத்திட்டாள்.

அடுத்த வாரம் மகள் பூவிழி அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள். பூவிழிக்கு ஏழாம் மாதம். திரையில் குழந்தையின் இதயம் துள்ளியது. மூன்று சீராக, நான்காவது தயங்கி. தையல்நாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சத்தம் வரவில்லை.

“போன மாசம் கேட்டுச்சேம்மா. அப்பா மாதிரியே இருந்துச்சு. உனக்குக் கேக்க வைக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் பூவிழி.

மருத்துவர் திரையின் அடிவரியைப் படித்தார். “மெஷின்ல கோளாறு இல்லம்மா. இது ரெஜிஸ்டர் ஆன துடிப்பாம். வேற கம்பெனி மெஷின் ஒலிக்கக் கூடாதாம். போன வாரந்தான் பதிஞ்சிருக்காங்க.”

அதன் கீழே பதிவு செய்த ஆய்வாளரின் பெயர் இருந்தது. பூவிழி அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

தையல்நாயகி குனிந்து மகளின் வயிற்றில் காதை வைத்தாள். வயிற்று இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

“எதிர்க்க நாலு மாசம் குடுத்திருந்தோம்,” என்றாள், காதை எடுக்காமலே.