இதுக்கு முதுகு எங்க?

ஷர்ஷென்பெக் மாமா கிர்கீஸ் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கிளம்புகிறார் என்றால், அவருக்கு முன்னால் அவருடைய பதவி வந்து இறங்கிவிடும். போனை எடுத்து "யாரு?" என்று கேட்டால், "துணை இயக்குநர் பேசுறேன்" என்பார். எதற்குத் துணை இயக்குநர் என்பது அவர் தங்கை வீடு இருக்கும் நாரின் ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. கேட்டால் பதில் அரை மணி நேரம் ஓடும்.

அவர் பெகிமாயின் அம்மாவுக்கு அண்ணன். பெகிமாய்க்குப் பத்து வயது. தம்பி குபாத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்து முடிகிறது. தாய்மாமன் பரிசோடு வருவார். வீட்டில் எல்லோருக்கும் பயமே அந்தப் பரிசை நினைத்துத்தான்.

காரணம் இருந்தது. மூன்றாவது பிறந்தநாளுக்கு மாமா சைரன் அடிக்கும் தீயணைப்பு வண்டி கொண்டுவந்தார். குபாத் அதன் ஏணியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான்காவது பிறந்தநாளுக்கு, பொத்தானை அமுக்கினால் ஆடும் கரடி. குபாத் அதன் கழுத்து ரிப்பனை அவிழ்த்து நாற்காலிக் காலில் கட்டினான். கரடி ஒரு மூலையில் தன்னந்தனியாக ஆடி ஓய்ந்தது.

அன்றைக்கு மாமா டீக் கிண்ணத்தை ஓசையோடு கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"பொம்மையோட விளையாடத் தெரியாத பிள்ளை எங்கயாவது உண்டா, சல்கின்? இவனுக்கு என்னமோ குறை இருக்கு. அடுத்த வருஷமும் இப்படியே இருந்தான்னா பிஷ்கெக்குக்குக் கூட்டிட்டு வா. எனக்குத் தெரிஞ்ச பெரிய டாக்டர் இருக்கார்."

அம்மா விரிப்பில் சிந்தியிருந்த போர்சோக் பலகாரத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பெகிமாய் மறக்கவில்லை.

இந்த வருஷம் அம்மா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"குபாத்துக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும். யோசிச்சு மாமாவுக்குச் சொல்லு. இந்தத் தடவையும் அவன் மூஞ்சியத் திருப்பிட்டான்னா, அண்ணன் எல்லார் முன்னாடியும் டாக்டர் பேச்ச எடுப்பாரு. என்னால தாங்க முடியாது, கண்ணு."

பெகிமாய் ஒரு வாரம் தம்பியின் பின்னாலேயே திரிந்தாள்.

குபாத் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. போன கோடையில் சோன்-கோல் ஏரிக்கரைத் திருவிழாவில், அந்தக் காலத்தில் மலை மேய்ச்சலுக்குக் குடி போனது மாதிரியே கூடாரமும் சாமானும் ஏற்றிய ஒட்டகங்களை நடத்திக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவன் தினமும் காலையில் மலைக்குக் குடி போகிறான். மலை என்பது பால்கனி. ஆடுகள் என்பது வீட்டுச் செருப்பும் ஷூவும். நாய் என்பது பெருக்குமாறு. மினிபஸ் ஓட்டும் அப்பா இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனார். அவருடைய இடது ஷூ மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை.

சாமான்களைச் சுமப்பது நாற்காலி. அதன்மேல் கம்பளியும் தலையணையும் ஏற்றி, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டி, இழுத்துக்கொண்டே போவான். கதவுநிலை தட்டும். நாற்காலி கவிழும். குபாத் அழமாட்டான். மறுபடியும் முதலிலிருந்து ஏற்றுவான்.

ஐந்தாவது தடவை கவிழ்ந்தபோது பெகிமாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"ஒட்டகம் சரியில்லக்கா. கால் இருக்கு, நடக்க மாட்டேங்குது."

"வேற என்ன வேணும் உனக்கு?"

"கயிறு. நீளக் கயிறு. இந்த ரிப்பன் அறுந்து அறுந்து போகுது."

அன்று சாயங்காலம் பெகிமாய் மாமாவுக்குப் போன் செய்தாள். துணை இயக்குநர் பேசினார்.

"மாமா, குபாத்துக்கு நல்ல நீளக் கயிறு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பழைய கம்பளித் துண்டு இருந்தா அதுவும். துணி மாட்டுற கிளிப் ஒரு பை நிறைய."

மாமாவின் குரல் உயர்ந்தது.

"கயிறா? நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறியாம்மா? நாலு பேர் கூடுற சபையில நான் கயிறத் தூக்கிட்டு வரணுமா? நான் என்ன மாடு வாங்கவா வரேன்?"

"அவனுக்கு அதான் மாமா பிடிக்கும்."

"பிடிக்கிறது வேற, கௌரவம் வேற. நான் பாத்துக்கறேன். நீ பாடத்தப் படி."

பெகிமாய் போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போனாள். அப்பா மினிபஸ்ஸின் கூரைமேல் மூட்டை கட்டும் கயிறு ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். அவள் அதைச் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, வளையமாகச் சுற்றி வைத்தாள். ஞாயிறு காலை குபாத் அதைத் தோளில் மாட்டிக்கொண்டவன், சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை.

மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பியோடு மாமா உட்கார்ந்தார். வாழ்த்துரை ஆரம்பித்தது. ஏழு தலைமுறைப் பெருமை, நாட்டின் எதிர்காலம், இடையில் அவருடைய அலுவலகத்தின் புதிய கட்டடம் எல்லாம் வந்தன. குபாத்தின் பெயர் கடைசியில் வந்தபோது இறைச்சி ஆறிப்போயிருந்தது.

பிறகு பரிசு வெளியே வந்தது. குபாத்தின் உயரத்துக்கு ஒரு ரோபோ. கண்ணில் விளக்கு எரிந்தது.

"நான் மிகவும் புத்திசாலி," என்றது ரோபோ. "எனக்கு நான்கு மொழிகள் தெரியும். உலகின் மிக உயரமான மலைகளைப் பற்றி இப்போது கூறுகிறேன்."

யாரும் கேட்காமலே பேசுவதில் அது மாமாவை அப்படியே உரித்து வைத்திருந்தது.

குபாத் மரியாதையாக இரண்டு மலை வரைக்கும் கேட்டான். பிறகு ரோபோவைச் சுற்றி வந்தான். பின்பக்கம் நின்று, பேட்டரிப் பெட்டியைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, இதுக்கு முதுகு எங்க?"

விருந்தாளிகள் சிரிப்பை டீக் கிண்ணத்துக்குள் மறைத்தார்கள். மாமாவின் காது சிவந்தது.

"பாத்தியா சல்கின். நாலு மொழி பேசுற பொம்மையக் குடுத்தா முதுகு எங்கன்னு கேக்குறான். போன வருஷமே சொன்னேன் நான். டாக்டர்…"

அம்மாவின் கை மறுபடியும் விரிப்பின்மேல் துணுக்குகளைத் தேட ஆரம்பித்தது. பெகிமாய் எழுந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? தங்கச்சி பிள்ள வாய் விட்டு ஒண்ணு கேட்டா, தாய்மாமன் இல்லேன்னு சொல்லக் கூடாது. அதான நம்ம வழக்கம்?"

வழக்கம் என்றதும் மாமா நிமிர்ந்துவிட்டார். பேசுவதற்கு ஒரு வாய்ப்பு கிடைத்தால் அவர் கோபத்தைக்கூட ஓரமாக வைத்துவிடுவார்.

"நல்லாக் கேட்டம்மா. அதான் நம்ம கிர்கீஸ் வழக்கம். நம்ம முன்னோர் குதிரையக் கேட்டா குதிரையக் குடுத்தாங்க, கழுகக் கேட்டா கழுகக் குடுத்தாங்க. கேட்டதுக்கு அப்புறம் பின்வாங்கினவன் மாமனே இல்ல. இங்க இருக்கிற எல்லாரும் சாட்சி."

"அப்ப குபாத்துக்கு என்ன வேணும்னு அவனே கேக்கட்டுமே. இது வரைக்கும் யாருமே அவனக் கேட்டதில்ல."

"கேக்கட்டும். குபாத், என்ன வேணும் உனக்கு? பயப்படாமக் கேளு."

"குதிரைக்குட்டி கேளுடா," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "டேப்லெட்டு," என்றது இன்னொரு குரல்.

குபாத் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. மாமாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் மாதிரி அவருடைய முதுகை அமுக்கிப் பார்த்தான். நல்ல அகலமான முதுகு. திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

"நீங்கதான் வேணும் மாமா. ஒட்டகமா."

அறையில் ரோபோ மட்டும் மூன்றாவது மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அப்பா அதை மெதுவாக அணைத்தார்.

"ஒட்டகமா? நானா?" மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாட்சி.

பெகிமாய் அருகில் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"தொப்பியக் குடுங்க மாமா. கீழ விழக் கூடாது. நான் பத்திரமா வெக்கிறேன்."

கல்பாக்கை வாங்கி, அவர் உட்கார்ந்திருந்த மெத்தைமேலேயே வைத்தாள். மரியாதை இடம் காலியாகவில்லை, தொப்பி உட்கார்ந்திருந்தது. மாமா தொப்பியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், முட்டி போட்டார்.

குபாத் வேலையில் இறங்கினான். முதலில் கம்பளி. அதன்மேல் இடப் பக்கம் இரண்டு தலையணை, வலப் பக்கம் இரண்டு. வலப் பக்கமே ஒரு டீ கெட்டிலும். கயிற்றை வயிற்றுக்கு அடியில் விட்டு இந்தப் பக்கமாக இழுத்தான். பிறகு சட்டென்று நின்று, வலப் பக்கத் தலையணை ஒன்றை எடுத்துவிட்டுச் சின்னதாக இன்னொன்றை வைத்தான்.

"ஏன்டா மாத்துற?" என்றார் மாமா குனிந்தபடியே.

"இந்தப் பக்கம் கெட்டில் இருக்குல்ல. ஒரு பக்கம் கனத்தா ஒட்டகத்துக்கு முதுகு புண்ணாயிடும்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கடைசியாகக் குபாத் மாவுச் சல்லடையை எடுத்து எல்லாவற்றுக்கும் உச்சியில் கட்டினான்.

"அது எதுக்கு?"

"அதான் கூடாரத்தோட மேல் வளையம். அது எப்பவும் உச்சிலதான் போகணும். மிதிபடக் கூடாது."

"யார்றா சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல. போன வருஷம் பாத்தேன்."

மாமா தலையை மட்டும் திருப்பி வயிற்றுக்கடியில் போன கயிற்றைப் பார்த்தார். பிறகு, துணை இயக்குநர் ஆவதற்கு வெகு காலம் முன்னால் மேய்ச்சல் மலையில் வளர்ந்த ஒருவருக்கு மட்டுமே வரக்கூடிய குரலில் பேசினார்.

"முடிச்சு கொஞ்சம் தளர்வா இருக்குடா. இன்னும் இழு. ம்… அப்படித்தான். சுமை ஏத்தும்போது ஒட்டகம் சும்மா இருக்காது, தெரியுமா? இப்படிக் கத்தும்."

அவர் கத்தினார். அடிவயிற்றிலிருந்து வந்தது. அப்பாவுக்கு டீ புரையேறியது. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன சத்தம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா? டாக்டரக் கூப்பிடவா?"

"டாக்டர் எதுக்கு?" என்றார் நான்கு காலில் நின்ற மாமா. "வழிய விடுங்க. என் தங்கச்சி மகன் மலைக்குக் குடி போறான். அஞ்சு வயசுல பாரம் சரி பாத்து ஏத்துறான். எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஒருத்தன் கிடையாது."

அம்மா இப்போது துணுக்குகளைப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கீழ்வீட்டுக்காரரிடம், "என் பையன்தான்," என்றாள்.

எல்லாம் ஆயத்தமானது. குபாத் பெருக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் போய் நின்றான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவன் போலத் திரும்ப ஓடிவந்து, கயிற்றின் நுனியை அக்காவின் கையில் வைத்தான்.

"நீ பிடி. முதல் ஒட்டகத்தப் பொண்ணுதான் பிடிச்சிட்டுப் போகணும். நல்ல சட்ட போட்டிருக்கிற பொண்ணு."

"ஆமா," என்றது ஒட்டகம். "அதான் சரியான முறை. மெதுவாப் போம்மா, முட்டி வலிக்குது."

பெகிமாய் பாவாடையைச் சரி செய்துகொண்டு, கயிற்றைத் தோளில் போட்டு நடந்தாள். விருந்தாளிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி எழுந்து நின்று வழி விட்டார்கள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவளுக்கு முன்னால் பார்க்க ஒரு மலை இருந்தது.